'ஃபாஸ்ட் கார்' பாட்டை எழுதியது யார்? டிரேசி சாப்மனைப் பற்றித் தெரிந்துகொள்வோம்

கித்தாரில் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் ஒரு சின்ன மெட்டு. அதைக் கேட்ட சில வினாடிகளில் "அட, இந்தப் பாட்டா!" என்று சொல்லிவிடுவீர்கள். 'ஃபாஸ்ட் கார்' அவ்வளவு பழக்கமான பாட்டு.

ஆனால் உங்களுக்கு அது எந்தக் குரலில் பழக்கம்? பள்ளி நாள்களில் கேட்ட ஜோனாஸ் புளூவின் நடனப் பதிப்பா? 2023இல் எங்கு பார்த்தாலும் ஒலித்த லூக் கோம்ப்ஸின் கண்ட்ரி பதிப்பா? அல்லது அப்பா, அம்மா வைத்திருந்த கேசட்டில் கேட்ட, பெண்ணா ஆணா என்று முதலில் யோசிக்கவைத்த அந்த ஆழமான குரலா?

மூன்றும் ஒரே பாட்டுதான். அதன் வரிகளை எழுதியவர், மெட்டுப் போட்டவர், முதலில் பாடியவர் எல்லாமே ஒருவர்: அமெரிக்கப் பாடகர் டிரேசி சாப்மன்.

2024ஆம் ஆண்டு கிராமி விருது மேடையில் அவர் தோன்றியபோது, "இத்தனை வருஷம் இவர் எங்கே இருந்தார்?" என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம், அதன் காசு யாருக்குப் போகிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுபவர்

தமிழ்த் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு பாட்டு என்றால் குறைந்தது மூன்று பேர் நினைவுக்கு வருவார்கள். கண்ணதாசன் எழுதுவார், எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைப்பார், டி.எம். சௌந்தரராஜன் பாடுவார். திரையில் வாயசைப்பது நான்காவது ஆள்.

மேற்கத்திய இசையில் இன்னொரு மரபும் உண்டு. எழுதுவது, மெட்டமைப்பது, பாடுவது மூன்றையும் ஒருவரே செய்வார். பெரும்பாலும் கையில் ஒரு கித்தார் அல்லது முன்னால் ஒரு பியானோ இருக்கும். பாப் டிலன், ஜோனி மிட்செல் போன்றவர்கள் 1960களில் இந்த மரபைப் பிரபலப்படுத்தினார்கள். இப்போது எட் ஷீரன், டெய்லர் சுவிஃப்ட் போன்றவர்களும் இதே வகையில் வருபவர்கள்தான்.

டிரேசி சாப்மனும் அந்த வரிசையில் ஒருவர். ஒரு வித்தியாசம்: அவருடைய பெரும்பாலான பாடல்களில் எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். இன்று வெற்றிபெறும் பல பாப் பாடல்களில் ஐந்து பேர், ஆறு பேர் பெயர் இருக்கும். அவர் பாடல்களில் தனியாக ஒரு பெயர். இது ஏன் முக்கியம் என்று பின்னால் பார்ப்போம்.

கிளீவ்லாந்தில் ஒரு சிறுமி

டிரேசி சாப்மன் 1964 மார்ச் 30ஆம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். நான்கு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அவரையும் அக்காவையும் வளர்த்தது அம்மா. வீட்டில் வசதி குறைவு. ஆனாலும் மகளுக்கு இசைமீது இருந்த ஆசையைப் பார்த்து, மூன்று வயதிலேயே ஓர் உக்குலேலே வாங்கிக் கொடுத்தார் அந்த அம்மா.

எட்டு வயதில் கித்தார் வாசிக்கவும் பாட்டு எழுதவும் தொடங்கினார் டிரேசி. கித்தார் ஆசை வந்தது எங்கிருந்து தெரியுமா? 'ஹீ ஹா' என்ற கண்ட்ரி இசைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். கண்ட்ரி என்பது வெள்ளைக்கார அமெரிக்கர்களின் இசை என்று பலரும் நினைத்த காலம் அது. இந்தச் சின்ன விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2023இல் இது மறுபடியும் வரும்.

வசதி குறைந்த, திறமையுள்ள மாணவர்களை நல்ல பள்ளிகளில் சேர்க்கும் 'எ பெட்டர் சான்ஸ்' என்ற திட்டத்தின் மூலம் கனெட்டிக்கட் மாநிலத்தின் உவூஸ்டர் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து பாஸ்டன் அருகில் உள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே படித்தது இசை இல்லை, மானிடவியல். மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைப் பற்றிய படிப்பு. அவருடைய பாடல்களைக் கேட்டால் அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்று தோன்றும்.

தெருவிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு

ஆர்ச்சர்ட் ரோட்டில் கித்தாரோடு பாடும் வீதிக் கலைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் அதற்குத் தேசியக் கலைகள் மன்றத்திடம் உரிமம் வாங்க வேண்டும். டிரேசியும் அப்படித் தெருவில் பாடியவர்தான். படிக்கும் காலத்தில் ஹார்வர்ட் சதுக்கத்திலும் பாஸ்டன் ரயில் நிலையங்களிலும் பாடுவார். கேட்பவர்கள் போடும் காசு செலவுக்கு.

அவர் பாடுவதைக் கேட்டு அசந்துபோன சக மாணவர் ஒருவர் இருந்தார். பெயர் பிரையன் கொப்பல்மேன். அவருடைய அப்பா சார்ல்ஸ் கொப்பல்மேன் இசைப் பதிப்புத் துறையில் பெரிய புள்ளி. டிரேசியை அப்பாவிடம் அறிமுகம் செய்துவைத்தார் மகன். 1987இல் பட்டப்படிப்பு முடிந்தது. எலெக்ட்ரா நிறுவனத்துடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது.

1980களின் நடுப்பகுதியை நினைத்துப் பாருங்கள். மைக்கல் ஜேக்சன், மடோனா, சிந்தசைசர், டிரம் மெஷின், பளபளக்கும் காணொளிகள். அந்த நேரத்தில் ஓர் இளம் கறுப்பினப் பெண், ஒப்பனை ஏதுமில்லாமல், ஒரு கித்தாரோடு வறுமையைப் பற்றிப் பாடினால் எடுபடுமா? தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாம் அவர் பாணியை மாற்றாமல், குரலையும் கித்தாரையும் முன்னால் வைத்தே ஒலிப்பதிவு செய்தார். 1988 ஏப்ரலில் 'டிரேசி சாப்மன்' என்ற பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பு வந்தது. மொத்தம் 11 பாடல்கள்.

அந்தப் பாடல்கள் எதைப் பற்றி?

'டாக்கிங் பௌட் எ ரெவல்யூஷன்' ஏழைகள் தங்கள் பங்கைக் கேட்கும் நாளைப் பற்றியது. 'அக்ராஸ் த லைன்ஸ்' இனத்தால் பிளவுபட்ட ஒரு நகரத்தைப் பற்றியது. 'பிஹைண்ட் த வால்' பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிவாங்கும் சத்தத்தைக் கேட்பவர் பாடுவது. அதில் கித்தார்கூட இல்லை. வெறும் குரல்தான். இரவில் இயர்போனில் கேட்டால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

'ஃபாஸ்ட் கார்' பலர் நினைப்பதுபோல் வேகமான காரைப் பற்றிய ஜாலி பாட்டு இல்லை. குடிக்கு அடிமையான அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்ட ஒரு பெண்ணின் கதை அது. காதலனின் காரில் ஏறி ஊரைவிட்டுப் போனால் வாழ்க்கை மாறும் என்று நம்புகிறாள். நகரத்துக்குப் போகிறார்கள். அவள் கடையில் வேலை செய்கிறாள். குடும்பம் பெரிதாகிறது. கடைசியில் காதலனும் அவள் அப்பாவைப் போலவே குடியில் விழுகிறான். இருப்பதா, போவதா என்று அவனையே முடிவு செய்யச் சொல்கிறாள்.

இது தம் சொந்த வாழ்க்கைக் கதை அல்ல, கிளீவ்லாந்தில் வளர்ந்தபோது சுற்றிலும் பார்த்த வாழ்க்கை என்று டிரேசி விளக்கியிருக்கிறார். வறுமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது என்பதைச் சமூகவியல் பாடப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்கும். இந்தப் பாட்டு அதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

1988 ஜூன் 11: வெம்பிளியில் நடந்தது என்ன?

லண்டனின் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளை ஒட்டி ஒரு மாபெரும் இசைநிகழ்ச்சி. மண்டேலா அப்போது தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்தார். 1990 பிப்ரவரியில்தான் விடுதலையானார். அவரை விடுவிக்க வேண்டும் என்பதே நிகழ்ச்சியின் செய்தி. 60க்கும் மேற்பட்ட நாடுகளில் அது ஒளிபரப்பானது.

அன்று பிற்பகலில் டிரேசி தமக்கு ஒதுக்கப்பட்ட சில பாடல்களைப் பாடி முடித்துவிட்டார். அவரைப் பெரும்பாலானோருக்கு அப்போது தெரியாது. வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்.

மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டும். அவருடைய இசைக்கருவிக்குத் தேவையான நிரல்கள் இருந்த வன்தட்டைக் காணோம்! அது இல்லாமல் பாட முடியாது என்று அவர் திரும்பிவிட்டார். நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மேடையோ காலி. பெரிய இசைக்குழுவை உடனே ஏற்ற வழியில்லை.

ஒரு கித்தார், ஒரு மைக் மட்டும் போதும் என்ற நிலையில் இருந்தவர் டிரேசிதான். மறுபடியும் அவரை மேடைக்கு அனுப்பினார்கள். 24 வயது. முன்னால் ஏறக்குறைய 70,000 பேர். அவர் பாடிய பாடல்களில் ஒன்று 'ஃபாஸ்ட் கார்'.

அதன்பின் இசைத்தொகுப்பின் விற்பனை எகிறியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது முதலிடத்துக்கு வந்தது. 'ஃபாஸ்ட் கார்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 6ஆம் இடம், பிரிட்டனில் 5ஆம் இடம். அடுத்த ஆண்டு 3 கிராமி விருதுகள். சிறந்த புதுமுகக் கலைஞர் விருதும் அதில் அடக்கம்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாமா? வாய்ப்பு தற்செயலாக வந்தது உண்மை. ஆனால் ரயில் நிலையச் சத்தத்திலும் ஆளை நிறுத்திக் கேட்கவைத்துப் பழகியவருக்கு அந்த மேடை புதிதாக இருந்திருக்காது.

அதே ஆண்டு அம்னெஸ்டி இன்டர்நேஷனல் மனித உரிமை அமைப்பின் உலகப் பயணத்திலும் அவர் கலந்துகொண்டார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், செனகலின் யூசு இந்தூர் ஆகியோரும் உடன் சென்றார்கள். 1988 செப்டம்பரில் அந்தக் குழு புதுடில்லியிலும் பாடியது.

புகழ் வந்தபின் ஏன் ஒதுங்கினார்?

1989இல் 'கிராஸ்ரோட்ஸ்', 1992இல் 'மேட்டர்ஸ் ஆஃப் த ஹார்ட்' என்று தொகுப்புகள் வந்தன. முதல் தொகுப்பின் அளவுக்கு அவை விற்கவில்லை. "ஒரு பாட்டோடு முடிந்தது" என்று சிலர் எழுதினார்கள்.

1995இல் வந்தது 'நியூ பிகினிங்'. அதில் 'கிவ் மீ ஒன் ரீசன்' என்ற புளூஸ் பாணிப் பாட்டு பில்போர்டில் 3ஆம் இடம்வரை போனது. 'ஃபாஸ்ட் கார்' தொட்டதைவிட மேல். சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதும் வந்தது. ஒரு பாட்டுப் பாடகர் என்ற பேச்சு அதோடு நின்றது.

2008இல் வந்த 'அவர் பிரைட் ஃபியூச்சர்' அவருடைய எட்டாவது தொகுப்பு. இன்றுவரை அதற்குப் பின் புதுத் தொகுப்பு இல்லை. 2009க்குப் பின் இசைப்பயணமும் போகவில்லை. 2020 அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய இரவு தொலைக்காட்சியில் 'டாக்கிங் பௌட் எ ரெவல்யூஷன்' பாடியது போன்ற அபூர்வமான தருணங்களில் மட்டும் முகம் காட்டினார்.

தம் சொந்த வாழ்க்கையை அவர் ஊடகங்களுக்குத் திறந்து காட்டியதே இல்லை. தினமும் ஏதாவது பதிவு போடாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று இன்றைய கலைஞர்களுக்குச் சொல்லப்படுகிறது. இவர் பத்து வருஷத்துக்கும் மேல் பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. அப்படியும் பாட்டு மறக்கப்படவில்லை.

'முடியாது' என்று சொன்ன டிரேசி

2018இல் ஒரு வழக்கு. ராப் பாடகர் நிக்கி மினாஜ் தம் 'சாரி' என்ற பாட்டில் டிரேசியின் 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாட்டைப் பயன்படுத்தியிருந்தார். அனுமதி கேட்டபோது டிரேசி தரப்பு மறுத்துவிட்டது. அதனால் 'சாரி' இசைத்தொகுப்பில் சேர்க்கப்படவில்லை. ஆனால் அது வானொலியில் ஒலிபரப்பாகி இணையத்திலும் பரவிவிட்டது. டிரேசி வழக்குத் தொடுத்தார்.

2020இல் நீதிபதி முக்கியமான ஒன்றைச் சொன்னார்: ஒலிப்பதிவுக் கூடத்தில் இன்னொருவர் பாட்டை வைத்துப் பரிசோதனை செய்து பார்ப்பது தவறல்ல. படைப்பாளிகளுக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும். ஆனால் அது வெளியே போனதற்கு யார் பொறுப்பு என்பது விசாரிக்கப்பட வேண்டும். விசாரணை தொடங்குமுன் 450,000 அமெரிக்க டாலர் தர மினாஜ் முன்வந்தார். டிரேசி ஏற்றுக்கொண்டார். 2021 ஜனவரியில் வழக்கு முடிந்தது.

சரி, அப்படியென்றால் லூக் கோம்ப்ஸ் மட்டும் எப்படிப் பாடினார்?

பாட்டு ஒன்று, உரிமை இரண்டு

இங்கேதான் பலர் குழம்புவார்கள். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன.

முதலாவது, பாட்டு: அதாவது வரிகளும் மெட்டும். அது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் உரியது.

இரண்டாவது, ஒலிப்பதிவு: ஒரு குறிப்பிட்ட குரலில், ஒரு குறிப்பிட்ட நாளில் பதிவான வடிவம். அது பெரும்பாலும் இசை நிறுவனத்துக்கோ பாடகருக்கோ உரியது.

அமெரிக்கச் சட்டப்படி, ஏற்கெனவே வெளியான ஒரு பாட்டை அதன் அடிப்படை மெட்டையும் தன்மையையும் மாற்றாமல் யார் வேண்டுமானாலும் மறுபடி பாடிப் பதிவுசெய்யலாம். எழுதியவரின் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் சட்டம் நிர்ணயித்த தொகையைக் கட்டாயம் தர வேண்டும். கோம்ப்ஸ் செய்தது இதைத்தான். பாட்டின் ஒரு பகுதியை எடுத்து, புது வரிகள் சேர்த்து, வேறு பாட்டாக மாற்றினால் அனுமதி தேவை. மினாஜ் வழக்கு இந்த வகை.

இன்னொரு சுவையான விஷயம். அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் வானொலிகள் ஒரு பாட்டை ஒலிபரப்பும்போது எழுதியவர் தரப்புக்கு மட்டும்தான் பணம் தரும். பாடியவருக்குக் கிடையாது! ஆகவே, கோம்ப்ஸின் குரலில் 'ஃபாஸ்ட் கார்' வானொலியில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் அந்தப் பணம் டிரேசியின் பக்கம் போனது. எழுதியவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருப்பது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா? பங்கு போட வேறு எழுத்தாளர் இல்லை.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம். "பாடியவருக்கே உரிமை இல்லையா?" என்று அப்போது எழுந்த கேள்வியின் அடிப்படையும் இதுதான். சிங்கப்பூரில் காம்பஸ் அமைப்பும் மலேசியாவில் எம்ஏசிபி அமைப்பும் எழுதியவர்களுக்காக இத்தகைய கட்டணங்களை வசூலிக்கின்றன.

35 ஆண்டுக்குப் பின் வந்த விருது

லூக் கோம்ப்ஸ் வட கரோலைனா மாநிலத்துக்காரர். சிறுவயதில் அப்பாவோடு வண்டியில் போகும்போது இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2023இல் அவர் பாடியபோது, பெண் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லும் இடங்களைக்கூட ஆணுக்கு ஏற்ப மாற்றவில்லை. எழுதியபடியே பாடினார்.

அந்தப் பதிப்பு பில்போர்டின் முக்கியப் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது. கண்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். தனியாக எழுதிய பாட்டின் மூலம் அந்த முதலிடத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார் டிரேசி. அதே ஆண்டு நவம்பரில் கண்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த பாடல்' விருது. அதை வென்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியரும் அவர்தான். விருது வாங்க அவர் நேரில் போகவில்லை.

எல்லாரும் மகிழ்ச்சி அடைந்தார்களா? முழுக்க இல்லை. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய பாட்டு கண்ட்ரி உலகில் முதலிடம் பெற, ஒரு வெள்ளையின ஆண் பாட வேண்டியிருந்ததே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 'ஹீ ஹா' பார்த்துக் கித்தார் எடுத்த சிறுமியை 1988இல் கண்ட்ரி வானொலிகள் தங்களில் ஒருவராகப் பார்க்கவில்லை. அதே நேரத்தில் கோம்ப்ஸ் பாட்டைத் தமதாக்கிக்கொள்ளப் பார்க்கவில்லை, எழுதியவரையே முன்னிறுத்தினார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2024 பிப்ரவரி 4ஆம் தேதி கிராமி விழாவில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். 59 வயது டிரேசி, நரைத்த கூந்தலோடு, புன்னகையோடு கித்தார் வாசித்தார். அவர் பாடும்போது கோம்ப்ஸ் அவரைப் பார்த்தபடி வரிகளை வாயசைத்துக்கொண்டிருந்தார். அதன்பின் 1988 பதிப்பையே மக்கள் தேடித் தேடிக் கேட்டார்கள். 2025 ஏப்ரலில் முதல் தொகுப்பு இசைத்தட்டாக மறுபடி வெளியானது. பல வருஷம் கழித்து அவர் சில பேட்டிகளும் கொடுத்தார்.

நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் தொகுப்பை வரிசை மாற்றாமல் முழுதாக ஒரு முறை கேளுங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அடுத்து 'கிவ் மீ ஒன் ரீசன்'. பிறகு வெம்பிளி காணொளியையும் 2024 கிராமி காணொளியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். நடுவில் 36 வருஷம் ஓடியிருக்கிறது, கித்தாரில் வரும் அந்த மெட்டு மாறவே இல்லை.

நீங்களே பாட்டு எழுதுபவராக இருந்தால், இன்னொன்றும் செய்யுங்கள். நண்பர்களோடு சேர்ந்து எழுதிய பாட்டை இணையத்தில் ஏற்றுமுன், யார் யார் எழுதியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடாவிட்டால் நஷ்டமில்லை. 35 வருஷம் கழித்து ஓடினால், அந்தத் தாள் உங்களுக்குத் தேவைப்படும்.